செட்டிநாட்டு வீட்டில் சிறிய ஜெனரேட்டர்: 18 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை என்னும் கூடம், வளவு என்னும் முற்றம் சூழ்ந்த பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் அந்த வீட்டில் ஒரு காலத்தில் பங்காளிகள் அனைவரும் கூடி வாழ்ந்தார்கள். இப்போது ஆண்டு முழுவதும் இருப்பவர்கள் 84 வயதான என் அப்பத்தாவும் என் பெற்றோரும் நானும்தான். அப்பத்தாவுக்கு நுரையீரல் தளர்ந்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளில்தான், மின்தடை என்பது எங்கள் வீட்டில் வேறு பொருள் பெற்றது. அதுவரை கரண்ட் போனால் விசிறியை எடுத்துக்கொண்டு வளவில் வந்து உட்காருவோம். அதன் பிறகு, எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கணக்கு எங்கள் எல்லோருடைய மனத்திலும் ஓடத் தொடங்கியது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் காரைக்குடியில் ஒரு கடையில் 68,000 ரூபாய் கொடுத்து 2 கேவிஏ அளவுள்ள இன்வெர்ட்டர் வகைப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் கடையின் பெயரும் இந்த மதிப்புரைக்குத் தேவையில்லை. இந்த வகை இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் வருகின்றன, நான் சொல்லப்போகும் நிறைகுறைகளும் பெரும்பாலும் வகைக்கு உரியவையே. நான் எழுதுவது, எங்களைப் போன்ற நீண்ட பழைய வீட்டில், வயதானவர்களை வைத்துக்கொண்டு, இத்தகைய இயந்திரத்தை வாங்க நினைப்பவர்களுக்காக.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜெனரேட்டரில் எஞ்சினும் மின்னாக்கியும் ஒரே தண்டில் கட்டுண்டவை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அத்தகைய சிறிய இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும்; ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், முழு லோடு ஏறினாலும் அதே வேகம். திருவிழாக்களில் சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் மூன்று சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்களே, பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் அந்த ஜெனரேட்டர், அது இந்த இனத்தைச் சேர்ந்தது. மேளச் சத்தத்தையும் மீறி அது இரைந்ததற்குக் காரணம் இதுதான். இன்வெர்ட்டர் வகையில், எஞ்சின் தரும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பிறகு மின்னணுச் சுற்று ஒன்றினால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமாக மறுபடி உருவாக்கப்படுகிறது. ஆகவே எஞ்சினின் வேகத்துக்கும் வெளிவரும் மின்சாரத்தின் அலைக்கும் தொடர்பு இல்லை. லோடு குறைந்தால் எஞ்சின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சத்தமும் எரிபொருளும் ஒருசேரக் குறைகின்றன.

இது விளம்பரப் பேச்சு அல்ல என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். அண்டை வீட்டாரின் பழைய ஜெனரேட்டரை முன்பு ஒருமுறை இரவல் வாங்கி ஓட்டியபோது, எங்கள் யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து, ஒவ்வொரு நிமிடமும் ‘டக் டக்’ என்று பேட்டரிக்கு மாறிக்கொண்டே இருந்தது. அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் நிலையாக இல்லாததுதான் காரணம். புதிய இயந்திரத்தை இணைத்தபோது யுபிஎஸ் அதை வாரியத்தின் மின்சாரத்தைப் போலவே ஏற்றுக்கொண்டு சார்ஜ் ஆகத் தொடங்கியது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியான கான்சென்ட்ரேட்டரும் எந்த முனகலும் இன்றி ஓடியது. மருத்துவக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கப்போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே விலை கூடுதலானாலும் இன்வெர்ட்டர் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எரிபொருள் கணக்கையும் நான் குறித்துவைத்தேன். தொட்டியின் கொள்ளளவு 4 லிட்டர். சுமார் 500 வாட் லோடில் அது 7 மணி நேரம் ஓடுகிறது. அதாவது 4 லிட்டர் பெட்ரோலுக்குக் கிடைப்பது மூன்றரை யூனிட் மின்சாரம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் 114 ரூபாய் ஆகிறது. லோடு கூடினால் எஞ்சினின் திறனும் கூடி இந்த விலை குறையும், ஆயினும் 70 ரூபாய்க்குக் கீழே கொண்டுவர என்னால் முடியவில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, மின்விசிறிக்காக ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆக்சிஜனுக்காக ஓட்டும்போது இந்தக் கணக்கை நான் நினைத்ததே இல்லை.

இனிக் குறைகள். அட்டைப்பெட்டியின் நான்கு பக்கங்களிலும் பெரிய எழுத்தில் 2 கேவிஏ என்று இருந்தது. தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு 1.6 கிலோவாட் என்பது உள்ளே இருந்த கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே, எங்கள் கிணற்று மோட்டாரை இது எளிதாக இழுக்கும் என்று நம்பித்தான் வாங்கினோம். மோட்டார் ஓடும்போது எடுப்பது ஒரு கணக்கு, கிளம்பும்போது எடுப்பது வேறு கணக்கு. அந்த ஓரிரு நொடிகளில் நான்கு முதல் ஆறு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுகிறது. சுவிட்சைப் போட்டதும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றது. மூன்று முறை முயன்று விட்டுவிட்டோம். ஃபிரிட்ஜ், டியூப் லைட், மின்விசிறிகள், கான்சென்ட்ரேட்டர் ஆகியவற்றை ஒன்றாகத் தாங்குகிறது. கிரைண்டரையும் தனியாக ஓட்டலாம். தண்ணீர் மோட்டாரை இந்த அளவு இயந்திரத்தில் எதிர்பார்க்க வேண்டாம். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வாடகை ஜெனரேட்டருக்கு மக்கள் காத்துக்கிடந்ததை நினைத்தால், தண்ணீர்தான் முதல் தேவை என்பது விளங்கும். ஆகவே முன்னரே நிரப்பிவைக்கும் தொட்டி ஒன்று இந்த இயந்திரத்தோடு சேர்ந்த செலவு என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை அதன் எடையும் கயிறும். 21 கிலோ எடையுள்ள பெட்டிக்கு மேலே ஒரு கைப்பிடி வைத்து, எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உயரமான படி. பின்பக்கத்திலிருந்து முகப்பு வரை அதைத் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். என் தாயாரால் கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்ப முடியவில்லை. நான் மதுரைக்குப் போயிருந்த ஒரு பிற்பகல் மின்சாரம் நின்றபோது, அவர் ஏழெட்டு முறை இழுத்துப் பார்த்துத் தோள் வலியோடு தெருவில் போன ஒரு பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கயிறு இழுக்கும் இயந்திரத்தை விற்பது பொருத்தமே இல்லை. பொத்தானை அழுத்தினால் எழும் செல்ஃப் ஸ்டார்ட் வகையும் அதே கடையில் இருந்தது என்பதும், யார் இயக்கப்போகிறார்கள் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் அதையே வாங்கியிருப்போம் என்பதும் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடைக்காரர் கேட்க மறந்த இன்னொரு கேள்வி, இதை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பது. அதன் விளைவைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்கிய இரண்டாவது வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. இரண்டாம் கட்டின் முற்றம் வானம் பார்த்த இடம்தானே, புகை மேலே போய்விடும் என்று எண்ணி இயந்திரத்தை அங்கே வைத்து ஓட்டினோம். கால் மணி நேரத்துக்குள் எனக்குத் தலை கனத்தது. வளவுக்கு வந்து பார்த்தால் அங்கும் எரிந்த பெட்ரோலின் நெடி. உடனே நிறுத்திவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்து, அப்பத்தாவை முகப்புக்கு அழைத்துவந்தோம்.

முற்றம் என்பது வெளி அல்ல என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நான்கு பக்கமும் தாழ்வாரம் இறங்கியிருக்கிறது. ஓட்டுச் சரிவுக்கு அடியில் காற்று தேங்குகிறது. வெயில் நேரத்தில் வீடு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே முன்னோர்கள் வாசல்களை நேர்கோட்டில் வைத்து, முற்றத்தின் வழியே காற்று உள்ளே இறங்கி அறைகளுக்குப் பரவும்படி கட்டினார்கள். அந்த அழகான ஏற்பாடே எஞ்சின் புகையையும் அறை அறையாகக் கொண்டு சேர்க்கிறது. நெடியாவது நமக்குத் தெரிகிறது. அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்வதைவிட அது 200 மடங்குக்கு மேல் உறுதியாகச் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் போதாமல் கருவி வைத்திருக்கும் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், அந்தக் கருவியை ஓட்டுவதற்காகவே அந்த வாயுவை உள்ளே விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை நினைத்தால் இப்போதும் என் உடல் நடுங்குகிறது. வீட்டின் எந்தச் சன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, கூரைக்கு மட்டும் தகரம் போட்டு, நான்கு பக்கமும் திறந்த இடத்தில்தான் இதை வைக்க வேண்டும். வளவும் ஆகாது, தாழ்வாரமும் ஆகாது, கதவைத் திறந்துவைத்த கார் கொட்டகையும் ஆகாது.

இப்போது எங்கள் இயந்திரம் பின்தெருவை ஒட்டிய காலியிடத்தில், புகைக்குழாய் தெருப்பக்கம் பார்க்க, ஒரு சிமெண்டு மேடையில் நிற்கிறது. அங்கிருந்து மின்பலகை வரை 30 மீட்டர். கடையில் முதலில் கொடுத்த ஒயர் 1 சதுர மில்லிமீட்டர். அதில் 8 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 9 வோல்ட் வழியிலேயே இழப்பாகும். எலக்ட்ரீசியன் அண்ணன் அதை மாற்றி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தார். இழப்பு 4 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், மெயின் சுவிட்சுக்கு அருகே இரண்டு துருவ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தது. சிலர் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். மெயினை நிறுத்த மறந்தால் அந்த மின்சாரம் வெளியே போய், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி உயர் அழுத்தமாகி, மழையில் கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்துகொண்டிருக்கும் ஒயர்மேனைத் தாக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு மின்சாரம் மட்டுமே வீட்டோடு இணைய முடியும். இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் ஜெனரேட்டர் வாங்குவதையே தவிர்த்துவிடுவது நல்லது.

ஜெனரேட்டரைத் தனியாக மதிப்பிடுவது முழுமையாகாது, ஏனெனில் மின்சாரம் போன நொடியில் அப்பத்தாவைக் காப்பது ஜெனரேட்டர் அல்ல. பட்டாலை மூலையில் இருக்கும் யுபிஎஸ்தான். அது சைன் அலை தரும் வகை. அதனோடு 150 ஆம்பியர்-மணி கொண்ட டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி என்று காகிதத்தில் வருகிறது. நடைமுறையில், கான்சென்ட்ரேட்டருக்கு 320 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறி மூன்று, விளக்குகள் சில என்று 450 வாட் போட்டால், அது 2 மணி 20 நிமிடம்தான் தாங்கியது. லோடு கூடக் கூட ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு பெரிது. பதறாமல் பின்தெருவுக்கு நடந்து, ஆயில் அளவைப் பார்த்து, எஞ்சினைத் தொடங்கி, ஐந்து நிமிடம் சூடேறவிட்டு, பிறகு சுவிட்சை மாற்றலாம். பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். அந்த இடைவெளியையும் பேட்டரிதான் தாங்கிக்கொள்கிறது. மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பதைத் தவிர அது எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

உறவினர் ஒருவரிடமிருந்து ஒரு வாரம் இரவல் பெற்று, லித்தியம் பேட்டரி அடங்கிய பவர் ஸ்டேஷன் ஒன்றையும் சோதித்தேன். 1 கிலோவாட்-மணி அளவுள்ள அந்தப் பெட்டி கான்சென்ட்ரேட்டரை மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டியது. புகை இல்லை, அமில வாடை இல்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், அப்பத்தாவே பொத்தானை அழுத்தலாம். எங்கள் ஊருக்கு மிக அருகில், காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்து, 1953ஆம் ஆண்டு பொங்கலன்று திறந்துவைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பேட்டரி குறித்த ஆராய்ச்சி இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. சிறு வயதில் அந்த மதில் சுவரைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது பதில் எனக்கு நெருக்கமாக வந்தது போல் இருந்தது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கான விலை ஈய-அமில பேட்டரியைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும், இரவு முழுவதும் நீளும் மின்தடையில் அதை மறுபடி நிரப்ப வழியில்லை என்பதும்தான் அதன் தடைகள்.

பராமரிப்பைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. முதல் மழைக்காலம் முடிந்த பிறகு நான்கு மாதம் இயந்திரத்தைத் தொடவே இல்லை. தொட்டியில் பெட்ரோல் அப்படியே இருந்தது. இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது, நின்றுபோன பெட்ரோலோ பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கிறது. சித்திரை மாதம் தேவைப்பட்டபோது எஞ்சின் எழவில்லை. சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வர ஆறு நாள், மாற்றுக் கார்புரேட்டர் வர மூன்று வாரம். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தும், பழைய பெட்ரோலால் வந்த பழுது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பழுது எங்கள் கவனக்குறைவால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவக் கருவிக்காக வாங்குகிறோம் என்று விற்பனையின்போதே சொன்ன வாடிக்கையாளருக்கு மூன்று வாரம் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு 20 நிமிடம் லோடோடு ஓட்டுகிறேன். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுகிறேன். ஆயில் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது கொள்வது அரை லிட்டருக்கும் குறைவு. செலவு சிறியது, மறந்தால் இழப்பது எஞ்சின்.

முன்னோருக்குச் செய்யும் படைப்பு, அறுபதாம் கல்யாணமான சாந்தி போன்ற நாட்களுக்கு இதை நம்ப வேண்டாம். பங்காளிகள் எல்லோரும் கூடி, அடுப்படியில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் ஓடி, வளவு முழுவதும் விளக்கு எரியும் அன்றைக்கு, வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பதே முறை. கூண்டு போட்ட சைலன்ட் வகையாக இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். அவ்வகைக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்ற வரம்பு உண்டு. ஆண்டுக்கு இரண்டு நாளுக்காகப் பெரிய இயந்திரம் வாங்கி, மீதி நாளெல்லாம் அதைத் துருப்பிடிக்க விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த இயந்திரமும் நிற்கலாம் என்பதால், அப்பத்தாவின் அறையில் பி வகை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் நிரப்பி வைத்திருக்கிறோம். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். கார்புரேட்டருக்காகக் காத்திருந்த மூன்று வாரமும் எங்களுக்குத் தூக்கம் வந்தது அந்தச் சிலிண்டரால்தான். ஆக்சிஜன் இருக்கும் அறையில் சுடர் கூடாது என்பதால், சென்ற பிள்ளையார் நோன்பன்று, மாவில் வைத்துச் சுடரேற்றிய இழையை எடுத்துக்கொள்ள அப்பத்தா குழாயைக் கழற்றிவிட்டு வளவுக்கு வந்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடி அறைக்கு அழைத்துப் போனோம்.

சென்ற ஐப்பசியில் அடைமழையின்போது இரவு எட்டரை மணிக்குப் போன மின்சாரம் காலை ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தது. முதல் இரண்டு மணி நேரம் பேட்டரி, பிறகு ஜெனரேட்டர். நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை நிறுத்திப் பெட்ரோல் ஊற்றினேன். தகரத்தின் மேல் மழை விழுந்த சத்தம் எஞ்சினின் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பத்தாவின் அறையில் கான்சென்ட்ரேட்டர் ஒரு நொடியும் நிற்கவில்லை; காலையில் எழுந்த அவர், “ராத்திரி கரண்டு போச்சாமே?” என்று கேட்டார். ஜெனரேட்டரே வேண்டாம் என்று விட்டுவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பொங்கலுக்குப் பிறகு இதைக் கொடுத்து, அதே அளவில் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக மாற்றித்தர முடியுமா என்று கடையில் கேட்டிருக்கிறேன். என் தாயார் தனியாக இயக்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பது என்றும் சொல்லியிருக்கிறேன்.